கம்போஸ்ட் போட்ட வெண்டை மஞ்சளடிக்கிறது. யூரியா போடலாமா, போட்டால் கம்போஸ்ட் வீணா?

சரல்விளைக்காரன், கருங்கல் பக்கம் · பிப்ரவரி 18

எல்லாருக்கும் வணக்கம். வளைகுடாவில் பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக் வேலை பார்த்துவிட்டுப் போன ஆவணியில் ஊரோடு வந்துவிட்டேன். வீட்டை ஒட்டி 12 சென்ட் விளை இருக்கிறது. அப்பா இருந்தவரை மரச்சீனி போட்டார், அப்புறம் சும்மா கிடந்தது. சரல் கலந்த செம்மண், மண்வெட்டி போட்டால் டங்கென்று சத்தம் வரும், அந்த ரகம். இந்தத் தையில்தான் முதல் தடவையாகக் காய்கறி. 5 சென்ட் வெண்டை, 30 குழி பாவக்காய், ஓரத்தில் நாலு பாத்தி பயறு.

வெண்டைக்கும் பயறுக்கும் விலைக்கு வாங்கிய தென்னை நார்க்கழிவுக் கம்போஸ்ட், ஒரு குட்டியானை லோடு. பாவக்காய்க் குழிகளுக்கு மட்டும் சித்தப்பா வீட்டுச் சாணக்குழியிலிருந்து பழைய எரு, குழிக்கு ஒரு கடவம். ரசாயன உரம் ஒரு பிடிகூடப் போடவில்லை.

வெண்டை விதைத்து இன்றோடு 25 நாள். சாண் உயரம்தான் நிற்கிறது. அடி இலை இரண்டும் மஞ்சள், மேல் இலை வெளிறிப்போய் இருக்கிறது. அதே கம்போஸ்ட் போட்ட பயறு பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பாவக்காய் பந்தலைப் பிடித்துவிட்டது. உரக்கடையில் கேட்டால் யூரியா போடு என்கிறார்கள். அத்தானிடம் கேட்டால், யூரியா போட்டால் கம்போஸ்டில் இருக்கும் உயிரெல்லாம் செத்துப்போகும், லோடுக்குக் கொடுத்த காசைத் தோட்டில் போட்ட மாதிரி என்கிறார். யார் சொல்வதைக் கேட்க?

•

இயற்கைவழி, மார்த்தாண்டம் · பிப்ரவரி 18

யூரியா வேண்டவே வேண்டாம் தம்பி. இன்றைக்கு ஒரு பிடியில் ஆரம்பிக்கும், அடுத்த வருஷம் ஒரு மூட்டையில் நிற்கும். எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். பஞ்சகவ்யம் 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கணக்கில் கலந்து பத்து நாளுக்கு ஒரு தடவை தெளியுங்கள். மண் பழகக் கொஞ்சம் நாள் எடுக்கும், பொறுங்கள்.

•

தோவாளை மண் · பிப்ரவரி 18

பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது தம்பி. ஒரே கம்போஸ்டில் வெண்டை மஞ்சள், பயறு பச்சை என்றால் அது தழைச்சத்துப் (நைட்ரஜன்) பஞ்சம். பயறு தன் சாப்பாட்டைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். சந்தேகமிருந்தால் ஒரு பயற்றுச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரை அலசிப் பாருங்கள், கடுகு அளவில் முடிச்சு முடிச்சாக இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெண்டைக்கு அந்த வித்தை தெரியாது, அது மண்ணில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

மண்ணில் இருந்ததை யார் எடுத்தார்கள்? எனக்கு உங்கள் கம்போஸ்ட் மேல்தான் சந்தேகம். நிறம் என்ன? கறுப்பா, செம்பட்டையா? கையில் எடுத்தால் நார் நாராக வருகிறதா?

•

சரல்விளைக்காரன் · பிப்ரவரி 19

அக்கா, வேரில் முடிச்சு இருக்கிறது! உள்ளே சிவப்புதான். வெண்டை வேரில் ஒன்றும் இல்லை.

கம்போஸ்ட் செம்பட்டைதான், காப்பித்தூள் நிறம். லேசாக, பஞ்சு மாதிரி இருக்கும். மீதி ஒரு அரை டன் மாமரத்தடியில் குவிந்து கிடக்கிறது. விற்றவர் மக்கினதுதான் என்று சத்தியம் செய்தார்.

•

தோவாளை மண் · பிப்ரவரி 19

சத்தியத்தை விடுங்கள். இரண்டு சோதனை செய்யுங்கள். குவியலுக்குள் ஒரு முழ நீளக் கம்பியைக் குத்திப் பத்து நிமிஷம் கழித்து உருவி உள்ளங்கையில் வையுங்கள், சூடு தெரிந்தால் இன்னும் உள்ளே வேகிறது. அடுத்தது, இரண்டு கைப்பிடியை ஈரமாக்கி பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்தால் முதல் மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். புளித்த வாடையோ மூத்திர வாடையோ வந்தால் அது கம்போஸ்ட் இல்லை, கம்போஸ்ட் ஆகப்போகிற குப்பை.

•

கணக்கு வாத்தியார், தக்கலை · பிப்ரவரி 19

ஓய்வு பெற்ற ஆசிரியன், 30 சென்டில் காய்கறி. அந்தப் பெண் சொன்னது சரி, காரணத்தை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

குப்பையைத் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு அவல் மட்டும் போதாது, வெல்லமும் வேண்டும். அவல் என்பது கரி, வெல்லம் என்பது தழைச்சத்து. ஏறக்குறைய 30 பங்கு கரிக்கு 1 பங்கு தழைச்சத்து இருந்தால் அதுகள் சண்டையில்லாமல் தின்னும். மக்காத நார்க்கழிவில் இந்தக் கணக்கு 100க்கும் மேலே. அதைக் கொண்டுபோய் மண்ணில் போட்டால், வெல்லம் பத்தாமல் மண்ணில் கிடக்கும் தழைச்சத்தையும் அதுகளே அள்ளிக்கொள்ளும். வெண்டை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். பாவக்காய்க்குப் போட்டது நன்றாக மக்கிய சாணி, அங்கே இந்தத் தகராறு இல்லை.

இனி யூரியா கேள்வி. வெண்டைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்குத் தொழுவுரம் 25 டன், அடியுரமாகத் தழைச்சத்து 20 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 30 கிலோ, பிறகு 30ஆம் நாள் மேலுரமாக இன்னொரு 20 கிலோ தழை. இது சாதா ரகத்துக்கு, வீரிய ஒட்டு ரகத்துக்குக் கூடுதல். கவனியுங்கள், எருவும் உரமும் ஒரே பரிந்துரையில்தான் இருக்கின்றன, இதுவா அதுவா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு ஹெக்டேர் 247 சென்ட். ஆகவே சென்டுக்கு எரு 100 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதம், அதனால் ஒரு தடவைக்கு 175 கிராம் யூரியா. மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் ஒன்றேகால் கிலோ, சாம்பல்சத்துக்கு பொட்டாஷ் 200 கிராம். உங்கள் 5 சென்டுக்கு ஒரு தடவை யூரியா கிலோகூட வராது, 875 கிராம். இதற்குத்தான் அத்தான் பயப்படுகிறார்.

எருவிலும் சத்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதம் இருந்தாலே பெரிது. 500 கிலோவில் இரண்டரை கிலோ, அதாவது இரண்டு தடவை போடும் யூரியாவில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. ஆனால் அது பூட்டிய பத்தாயத்தில் இருக்கிற நெல். இந்தப் போகத்தில் நாலில் ஒரு பங்கு வெளியே வந்தால் நல்லது, மீதி அடுத்தடுத்த போகத்துக்கு. வெண்டைக்கோ 25இலிருந்து 60ஆம் நாளுக்குள் பசி. பத்தாயம் திறக்கும்வரை அது காத்திருக்காது.

செய்ய வேண்டியது: 900 கிராம் யூரியா, 500 கிராம் பொட்டாஷ். இரண்டையும் பாதியாகப் பிரித்து இப்போது ஒன்று, பத்து நாள் கழித்து ஒன்று. தண்டில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வரிசையாகத் தூவி, மண்ணால் மூடி, தண்ணீர் விடுங்கள். சூப்பர் இப்போது வேண்டாம். அது மண்ணில் நடக்காது, போட்ட இடத்தில் கிடக்கும், அடியில் போட்டிருக்க வேண்டியது.

•

இயற்கைவழி · பிப்ரவரி 20

சார் கணக்கு நன்றாகத்தான் போடுகிறார். மண்புழு கணக்குத் தெரியுமா? என் தோட்டத்தில் ஒரு மண்வெட்டி மண்ணில் ஏழெட்டு மண்புழு இருக்கும். ரசாயன உப்பு போடும் தோட்டத்தில் வெட்டிப் பாருங்கள், ஒன்று இருக்காது. பக்கத்து விளையில் உப்பு போட்டுப் போட்டு மண் சிமெண்ட் மாதிரி ஆனதை என் கண்ணால் பார்த்தேன்.

•

கணக்கு வாத்தியார், தக்கலை · பிப்ரவரி 20

நீங்கள் பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும். அந்த விளையில் எருக்கூடை கடைசியாக எப்போது விழுந்தது என்று விசாரித்தீர்களா? வெறும் உரத்தை மட்டும் வருஷக்கணக்கில் போட்டால் மண் இறுகும், நம் பக்கத்துப் புளித்த மண் இன்னும் புளிக்கும், மறுக்கவில்லை. ஒரே இடத்தில் குவித்துக் கொட்டினால் மண்புழு சாகத்தான் செய்யும்.

ஆனால் கோயம்புத்தூரில் 1909இலிருந்து ஒரு நிரந்தர உரச் சோதனை வயல் நடக்கிறது. எருவுக்கு ஒரு பாத்தி, உரத்துக்கு ஒரு பாத்தி, ஒன்றும் போடாத பாத்தி என்று பிரித்து வருஷா வருஷம் பயிர் வைத்துப் பார்க்கிறார்கள். நாடு முழுக்க இந்த மாதிரி நீண்டகாலச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிவது, எருவும் உரமும் சேர்த்துப் போட்ட பாத்திதான் விளைச்சலிலும் மண்ணிலும் தாக்குப்பிடிக்கிறது. உங்கள் தோட்டத்தை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மாடும் பழைய மண்ணும் உங்களிடம் இருக்கிறது. இந்தத் தம்பிக்கு மரச்சீனி உறிஞ்சி எடுத்த சரல் மண்ணும் ஒரு லோடு தென்னை நாரும்தான் இருக்கிறது. பஞ்சகவ்யத்தை வைத்து அந்தப் பள்ளத்தை எப்படி மூடுவது?

•

கடலோரம், குளச்சல் · பிப்ரவரி 20

எங்களுக்குச் சரலும் இல்லை, களியும் இல்லை, வெறும் மணல். யூரியா போட்டால் அடுத்த தண்ணீரில் அது அடியில் போய்விடும், செடி பார்த்திருக்கக்கூட மாட்டாது. எருவும் மணலும் கலந்த பாத்தியில்தான் அது இரண்டு நாள் தங்குகிறது. அதனால் நான் சொல்வது, எரு போடாமல் உரத்துக்குச் செலவழிப்பதுதான் வீண், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. யூரியா 5 பங்குக்கு வேப்பம்பிண்ணாக்குத் தூள் 1 பங்கு கலந்து ஒரு ராத்திரி வைத்துப் போடுங்கள், இன்னும் கொஞ்ச நாள் மண்ணில் தங்கும்.

இங்கே மீன் கழிவு எளிதில் கிடைக்கும், நானும் குழியில் போட்டு மக்கவைக்கிறேன். ஒரு தடவை கருவாட்டுக் களத்துக் கழிவை ஓசியில் தருகிறார்கள் என்று அள்ளி வந்து போட்டேன், அதில் இருந்த உப்பை நினைக்கவில்லை. கத்தரி இலை விளிம்பெல்லாம் தீய்ந்துபோனது. பச்சை மீன் கழிவு என்றால் சரி, உப்பு பட்டது வேண்டாம்.

•

மாடிப்பந்தல், நாகர்கோவில் · பிப்ரவரி 21

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. அடுப்புச் சாம்பலையும் 20:20 உரத்தையும் ஒன்றாகக் கலந்து தொட்டிக்குப் போடலாமா? நேற்று வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறினேன், மூக்கையும் கண்ணையும் பிய்த்துக்கொண்டு ஒரு வாடை. கீழ்வீட்டு மாமி மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

•

தோவாளை மண் · பிப்ரவரி 21

மாமி மோந்தது உங்கள் காசு. அந்த உரத்தில் தழைச்சத்து அம்மோனியா வடிவில் இருக்கிறது, சாம்பலோ சுண்ணாம்போ பட்டால் காற்றில் போய்விடும். பச்சைச் சாணியிலும் கோழி எருவிலும் சாம்பல் கலந்தால் அதே கதிதான். இரண்டும் வேண்டும் என்றால் சாம்பலை முதலில் போடுங்கள், இரண்டு வாரம் கழித்து உரம். அசோஸ்பைரில்லம் மாதிரி உயிர் உரங்களையும் உரத்தோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள், அதை எருவில் கலந்து தனியாகப் போடவும்.

•

ரப்பர்க்காடு, குலசேகரம் · பிப்ரவரி 22

தாமதமாக வருகிறேன். மணிச்சத்தைப் பற்றி வாத்தியார் ஒரு வரியில் முடித்துவிட்டார், நம் குமரி மாவட்டத்தில் மேற்கே போகப்போக அதுதான் பெரிய பிரச்சினை. வருஷத்தில் இரண்டு பருவ மழையும் நம் தலையில்தான் விழுகிறது. சுண்ணாம்புச் சத்தெல்லாம் கழுவிப் போய், மிச்சம் இருக்கிற இரும்பும் அலுமினியமும் சூப்பர் பாஸ்பேட்டைப் போட்ட உடனே பிடித்துக் கட்டிப்போடும். மண்ணில் இருக்கும், செடிக்குக் கிடைக்காது.

நான் செய்வது இது. பயிர் வைக்க ஒரு மாதம் முன்னால், 5 சென்டுக்கு வேண்டிய 6 கிலோ சூப்பரை நன்றாக மக்கிப் பொடிந்த எரு ஒரு 60 கிலோவில் கலந்து, புட்டு மாவு பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, நிழலில் குவித்து ஓலை போட்டு மூடிவிடுவேன். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், அந்தப் பதம். ஒரு மாதம் கழித்து அதை அடியுரமாகச் செடி வரும் இடத்தில் மட்டும் போடுவேன். எரு நடுவில் நிற்பதால் மண் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளாது, செடி முந்திக்கொள்ளும். தனியாகத் தூவியதற்கும் இதற்கும் வித்தியாசம் வேரைப் பிடுங்கிப் பார்த்தாலே தெரியும்.

மண் பரிசோதனை செய்து புளிப்பு கூடுதல் என்று வந்தால் டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூள் போட்டுக் கொத்திவிடுங்கள், அதுவும் உரத்துக்கு இரண்டு வாரம் முன்னால். மண்ணைப் பரிசோதிக்காமல் அண்டை வீட்டுக்காரர் போட்டார் என்று போடாதீர்கள்.

அப்புறம், மாமரத்தடிக் குவியலைச் சும்மா விடவேண்டாம். எருக்குழியும் குவியலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம், தென்னை இருக்கிற ஊரில் அது ஆபத்து. கிளறும்போது சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

•

சரல்விளைக்காரன் · பிப்ரவரி 22

அக்கா சொன்ன சோதனை இரண்டும் முடிந்தது. கம்பி சூடாக இருந்தது, சாயா கிளாஸைப் பிடிக்கிற சூடு. கவரை இன்று அவிழ்த்தேன், புளித்த கள் வாடை. அம்மா அடுக்களையிலிருந்து என்னலே அது என்று கேட்டார்கள்.

வெண்டைக்கு முதல் பாதி யூரியா, பொட்டாஷ் போட்டுவிட்டேன். வீட்டுச் சிரட்டையைத் தராசில் வைத்துப் பார்த்தேன், தலைதட்டி அளந்தால் 200 கிராம் யூரியா பிடிக்கிறது, இரண்டேகால் சிரட்டையில் வேலை முடிந்தது. கிணற்றோரத்தில் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் ஒன்றும் போடவில்லை. அத்தானுக்காக.

மீதிக் குவியலை என்ன செய்ய?

•

கணக்கு வாத்தியார், தக்கலை · பிப்ரவரி 22

நார்க்கழிவு ஒரு டன்னுக்கு யூரியா 5 கிலோ, சிப்பிக் காளான் வித்து 1 கிலோ. உங்களிடம் அரை டன், ஆகவே இரண்டரை கிலோவும் அரை கிலோவும். நிழலில் நாலு விரல் கனத்துக்கு நார் பரப்பி, அதன்மேல் வித்து, அதன்மேல் நார், அதன்மேல் யூரியா என்று மாற்றி மாற்றி அடுக்கி ஈரம் காயாமல் பாருங்கள். இரண்டு மாதத்தில் கறுத்துவிடும். யூரியா போட்டால் கம்போஸ்ட் செத்துவிடும் என்றவரிடம், இந்தக் கம்போஸ்டைச் செய்யவே யூரியா வேண்டும் என்று சொல்லுங்கள்.

•

இயற்கைவழி · பிப்ரவரி 23

அந்த இரண்டரை கிலோவுக்குப் பதில் சாணிக் கரைசலும் சீமைக்கொன்றைத் தழையும் போட்டாலும் மக்கும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். சொல்லிவிட்டேன்.

•

கணக்கு வாத்தியார், தக்கலை · பிப்ரவரி 23

இதில் எனக்கும் சம்மதம். தழைச்சத்து எங்கிருந்து வந்தாலும் அதுகளுக்குச் சரிதான். சீமைக்கொன்றை வேலியில் இருந்தால் வெட்டிப் போடுங்கள் தம்பி, யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம்.

•

சரல்விளைக்காரன் · மார்ச் 6

எட்டாம் நாளே புது இலை பச்சையாக வந்தது. மஞ்சளான அடி இலை திரும்பவில்லை, உதிர்ந்துவிட்டது, வருவதெல்லாம் நன்றாக வருகிறது. இரண்டாவது பாதியை நாலாம் தேதி போட்டேன். முதல் பூ பார்த்தாச்சு. கிணற்றோர வரிசை முழங்காலுக்குக் கீழே, வெளிறியே நிற்கிறது. அத்தான் வந்தார், இரண்டு வரிசைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார், விதை வேறயா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் ஒரு கைப்பிடி கூட்டிப் போட்டால் காய்ப்பு கூடுமா?

•

தோவாளை மண் · மார்ச் 6

கூடாது! இலை கூடும், பூ தள்ளிப்போகும், இலை கொழுத்தால் தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் விருந்து. வெள்ளை ஈ வந்தால் நரம்பு மஞ்சள் நோய் வரும், அதற்கு மருந்து கிடையாது. நோய் வந்த செடியைப் பிடுங்கிப் போடுவதுதான் வழி. கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

•

சரல்விளைக்காரன் · மே 22

ரொம்ப நாளாகிவிட்டது, மன்னிக்கவும், பந்தல் வேலையும் பறிப்புமாக இருந்துவிட்டேன். நல்ல நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறேழு கிலோ வெண்டை பறித்தோம், திங்கள்சந்தைக்குத்தான் கொடுத்தேன். பாவக்காய்க்கு 30ஆம் நாள் குழிக்கு 20 கிராம் யூரியா மட்டும் போட்டேன், மற்றதெல்லாம் சாணி பார்த்துக்கொண்டது. வெண்டையைப் போன வாரம் அழித்தாச்சு.

குவியல் கறுத்துவிட்டது. சீமைக்கொன்றைத் தழை கலந்துதான் அடுக்கினேன், யூரியா ஒன்றேகால் கிலோதான் போனது. இப்போது கம்பி குளிர்ச்சி, கவரில் மண் வாசம், புழு பொறுக்கியது பதினாலு. இன்னும் இரண்டு வாரத்தில் மழை பிடித்துவிடும், அதற்கு முன்னால் குலசேகரத்து அண்ணாச்சி சொன்ன மாதிரி அதில் சூப்பர் கலந்து ஓலையால் மூடி வைத்திருக்கிறேன். மழையில் யூரியாவை மூன்றாகப் பிரிக்கவா நாலாகவா என்று சொல்லுங்கள்.

அந்தக் கிணற்றோர வரிசை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மாதம் தாண்டி, ஏப்ரலில் அதுவாகவே பச்சை திரும்பியது. முழுப் பச்சை இல்லை, ஆனால் பூத்தது. மற்ற வரிசைகள் முற்றிப் போன பிறகு அதில்தான் காய் வந்தது. குட்டைச் செடி, சின்னக் காய். வெண்டையை அழித்த அன்று அதையும் பிடுங்கப் போனேன், அம்மா விடவில்லை. தினமும் காலையில் அவியலுக்கு என்று நாலு காய் பறித்து வருகிறார்கள்.

•

கணக்கு வாத்தியார், தக்கலை · மே 22

மூன்று போதும். மேகம் கறுத்த அன்று போடாமல், வெறித்த மறுநாள் போடுங்கள். கிணற்றோர வரிசையில் நுண்ணுயிர்கள் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன, வட்டி இல்லாமல். அம்மா சொல்வதைக் கேட்டு அப்படியே விடுங்கள், விதைக்கு இரண்டு காய் முற்றட்டும். சாதா ரகம்தானே?

•

சரல்விளைக்காரன் · மே 23

சாதா ரகம்தான் சார். இரண்டு காயில் நூல் கட்டிவிட்டேன். விதை வேண்டும் என்றால் கருங்கல் வரும்போது சொல்லுங்கள், அத்தான் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறார்.